எந்த வெளிச்சத்தில் பச்சை

பூமியை இரண்டாக வெட்டி உள்ளே பச்சைச் சாயம் பூசச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கும் வந்தது. சிரித்ததோடு விட்டிருக்கலாம். திருத்தப் போனேன்.

நான் கன்னையன். பெருமாநல்லூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் கலர் மாஸ்டர். பனியன் துணியில் அச்சடிக்கிற கலரைக் கலக்கிக் கொடுப்பது என் வேலை. வெளிநாட்டுக்காரன் ஒரு நம்பர் அனுப்புவான். அந்த நம்பருக்கு உண்டான கலரை நான் கண் அளவிலேயே கொண்டுவந்துவிடுவேன். தராசு பக்கத்தில் இருக்கும், பேருக்கு. இருபத்து மூன்று வருடத்தில் என் கலர் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

டென்மார்க்கில் ஏதோ ஓர் ஊர் மியூசியத்துக்குப் பிள்ளைகள் போடும் டீ-சர்ட் ஆர்டர். மூன்று டிசைன்: நிலா, செவ்வாய், பூமி. மூன்றையும் கொய்யாப்பழத்தை வெட்டின மாதிரி பாதியாக வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று நெஞ்சில் படம், முதுகில் நாலு வரி எழுத்து. நிலாவும் செவ்வாயும் ஒரு தொந்தரவும் இல்லாமல் அச்சாகிவிட்டன. பூமிக்கு முதலில் வந்த படத்தில் உள்ளே சிவப்பு. சனிக்கிழமை மத்தியானம், திருத்திய படம் என்று இன்னொன்று வந்தது. அதில் வெளியே மெல்லிசாகப் பழுப்பு ஓடு, நட்டநடுவில் ஆரஞ்சும் மஞ்சளும், இடையில் வட்டத்தின் முக்கால்வாசிக்குப் பச்சை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு தர்பூசணிப் படம் வந்தது. கலர் நம்பர் இரண்டும் இடம் மாறி, தோல் சிவப்பாகவும் சதை பச்சையாகவும் இருந்தது. நான் யாரையும் கேட்காமல் மாற்றி அடித்தேன். ஆர்டர் கொடுத்த பையர் நன்றி சொல்லி மெயில் போட்டார். அன்றிலிருந்து எனக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது என்று என் வீட்டுக்காரியே சொல்வாள். இந்தப் பச்சையைப் பார்த்ததும் அதே தர்பூசணிக் கதைதான் என்று முடிவு கட்டினேன். பூமிக்குள்ளே நெருப்புக் குழம்பு என்பது பால்வாடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

யாழினிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. யாழினி எங்கள் மெர்ச்சண்டைசர். பையரோடு மெயிலில் பேசி, ஆர்டரை ஆரம்பத்திலிருந்து கப்பல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறவள். வயது இருபத்து நாலு. அவள் அம்மா பதினாறு வருடம் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். அந்த வீட்டிலிருந்து ஆபீஸ் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் போய் உட்கார்ந்த முதல் ஆள் இவள்தான். திங்கட்கிழமை அவர்கள் ஆபீஸ் திறந்ததும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடிக்கலாம் என்றாள். அச்சு டேபிள் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் காலியாக இருந்தது, திங்கட்கிழமை வேறு ஆர்டர் ஏறுகிறது. நான் கத்தினேன். உன் வயசு அளவுக்கு எனக்கு சர்வீஸ், என் கண்ணை விடவா உன் மெயில் பெரிது என்று, அச்சு டேபிளில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரப் பிள்ளைகள் எல்லாரும் பார்க்கும்படி கேட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. கலர் சரி, அடிக்கலாம் என்கிற தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆயிரத்து எண்ணூறு பூமியைச் சிவப்பாக அடித்து, சூட்டில் ஓட்டி, மடித்து அடுக்கினோம். நல்ல சிவப்பு. அதில் குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை, அடித்த சட்டையின் போட்டோ பையருக்குப் போன இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. நிறுத்துங்கள், கவசம் பச்சைதான், யார் மாற்றினார்கள் என்று. ஓட்டுக்கும் நடுக் கருவுக்கும் இடையில் இருப்பதற்குக் கவசம் என்று பெயராம். பூமிக்குள் நெருப்புக் கடல் இருக்கிறது என்று எல்லாரும் தப்பாக நினைக்கிறார்கள், அந்த நினைப்பை மாற்றத்தான் இந்தச் சட்டையே என்று எழுதியிருந்தார்கள். முதலாளி சென்னியப்பன் அந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். அதில் என் பேர் எங்கேயும் இல்லை, யாழினி கையெழுத்துத்தான் இருந்தது. புதன்கிழமை மூன்று மணிக்கு மியூசியத்துக்காரர்கள் வீடியோவில் வருகிறார்கள், அதுவரைக்கும் இரு, வியாழக்கிழமையிலிருந்து நீ வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை.

யாழினி என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். கையெழுத்து என்னுடையதுங்க சார் என்று மட்டும் சொன்னாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இருபத்து மூன்று வருடக் கணக்கு தொண்டையில் அடைத்துக்கொண்டது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் பயந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கோபம், அதுவும் அந்தப் பச்சை மேல். அது எப்படிப் பச்சையாக இருக்கும்? எவன் போய்ப் பார்த்தான்? அந்தப் பச்சை தப்பு என்று காட்டிவிட்டால் போதும், யாழினி வேலையும் தப்பும், என் பேரும் தப்பும். கெரகம், ஒரு டீ-சர்ட்டுக்காகப் பூமிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு டிவிஎஸ் எக்செல்லை எடுத்துக்கொண்டு காங்கயம் போனேன். அங்கே என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த வெள்ளியங்கிரி, நவரத்தினக் கல் பட்டை தீட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். சிவன்மலைப் பாறையைப் பார்க்க வருடா வருடம் வருகிற காலேஜ்காரர்கள் அவன் பட்டறையில்தான் கல் அறுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவனும் பாதி புரொபசர் ஆகிவிட்டான்.

கதையைச் சொன்னேன். அவன் சிரிக்காமல் உள்ளே போய், தேங்காய் அளவுக்கு ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்தான். பாதியாக அறுத்த கல். அறுத்த முகத்தில், கறுப்புக்கு நடுவே கைப்பிடி அளவுக்குப் பச்சை. சர்க்கரைப் பாகு பூத்த மாதிரி குருணை குருணையாக, வெயிலில் காட்டினால் உள்ளே வெளிச்சம் போய் வந்தது. எங்கேயோ எரிமலைப் பக்கத்திலிருந்து ஒரு புரொபசர் கொண்டுவந்து அறுக்கக் கொடுத்ததாம். பாதி அவருக்கு, பாதி இவனுக்கு.

"கறுப்பா இருக்கறதுதானப்பா எரிமலைக் கொழம்பு. அது மேல வாரப்போ, வழியில கவசத்துல ஒரு துண்டப் பேத்து எடுத்துட்டு வந்துருச்சு. அந்தப் பச்சைதான் நீ கேக்கற ஆளு" என்றான் வெள்ளியங்கிரி.

அப்படியானால் கவசம் முழுக்கக் குழம்பு இல்லையா என்று கேட்டேன். இல்லையாம், கெட்டிக் கல்லாம். சூடு என்னவோ உருகுகிற சூடுதான், ஆனால் மேலே இருக்கிற பாரம் உருக விடாமல் அமுக்கிப் பிடித்திருக்கிறதாம். இது எனக்கு உடனே பிடிபட்டது. சின்ன வயதில் சாயப்பட்டறையில் இருந்தபோது பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்றும் மெஷினை நூற்று முப்பது டிகிரியில் ஓட்டுவோம். மூடி இறுகியிருக்கிற வரைக்கும் தண்ணீர் கொதிக்காது. பிரஷரைத் திறந்துவிட்டால் அந்த நிமிடமே பொங்கும். கவசத்தில் கல் மெல்ல மெல்ல மேலே ஏறி வருகிறபோது பாரம் குறைகிறது, குறைந்ததும் அதில் கொஞ்சம், நூற்றுக்கு ஐந்தோ பத்தோ பங்கு, உருகிப் பிரிகிறது. அந்தக் கொஞ்சம்தான் குழம்பு. அது மேலே வந்து ஆறினால் ஓடு. நாம் வீடு கட்டிக் குடியிருப்பது அந்தக் கவசம் காலங்காலமாகக் கக்கியதன் மேலேதான். சிவன்மலையே ஒரு காலத்தில் கீழே குழம்பாகக் கிடந்து, வெளியே வராமல் உள்ளேயே ஆறின கல்லாம். எத்தனை தடவை அங்கே முருகனைக் கும்பிட்டிருக்கிறேன், ஒரு நாள்கூட அந்தப் பாறையைக் குனிந்து பார்த்ததில்லை.

கெட்டிக் கல் எப்படியப்பா மேலே ஏறும் என்று மடக்கினேன். வருடத்துக்கு ஒன்றிரண்டு விரற்கடை நகருமாம். கோடிக்கணக்கான வருடம் நேரம் இருந்தால் கல்லும் ஊரும் என்றான்.

நான் தோற்றுப்போனேன் என்று புரிந்தது. பச்சை சரி, நான் தப்பு. எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் என் புத்தி, தொழில் புத்தி, ஒரு கேள்வி கேட்டது. எங்கள் தொழிலில் ஒரு கலரைச் சரி என்று சொல்வதற்கு முன்னால் எந்த வெளிச்சத்தில் பார்த்தாய் என்று கேட்பார்கள். அதற்கென்றே ஒரு லைட் பெட்டி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு பச்சை, கடை வெளிச்சத்தில் வேறு வேறாகப் போய்விடும். இந்தக் கல்லை வெள்ளியங்கிரி வெயிலில் காட்டுகிறான். கவசத்தில் ஏது வெயில்?

கல்லுக்கு நிறம் ஏற்ற அவனிடம் ஓர் உலை உண்டு. இதில் ஒரு துணுக்கை அதில் போடு என்றேன். போட்டால் கல் கெட்டு, ஆறும்போது கறுத்துவிடும் என்றான். கெட்டுப்போகட்டும் என்று கெஞ்சினேன். கடைசியில் உதிர்ந்து கிடந்த ஒரு பச்சைத் துணுக்கைக் கிண்ணத்தில் வைத்து உள்ளே தள்ளினான். இரண்டு மணி நேரம் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆயிரத்து முன்னூறு டிகிரி தாண்டியதும், கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து ஓட்டை வழியே பார்க்கச் சொன்னான்.

பச்சை இல்லை. கிண்ணம், உலைச் சுவர், கல் எல்லாம் ஒரே ஆரஞ்சுச் சிவப்பில் தகதகவென்று இருந்தன. எது கல் என்று விளிம்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. உருகவும் இல்லை, மூலை மழுங்காமல் கெட்டியாக அப்படியே உட்கார்ந்திருந்தது. கவசத்தில் முதலில் உருகுவது கூட இருக்கிற மற்றக் குருணைகளாம், இந்தப் பச்சை மட்டும் தனியாக உருக இன்னும் நிறையச் சூடு வேண்டுமாம். கெட்டிக் கல், அதுவே விளக்கு. கவசத்துக்குள் யாராவது கண்ணைத் திறந்து பார்க்க முடிந்தால், அவர்களுக்குத் தெரிவது நான் அடித்த சிவப்புத்தான்.

திரும்பி வருகிறபோது வண்டி பறந்தது என்று சொல்ல மாட்டேன், அது எக்செல். ஆனால் நான் பறந்தேன். இந்த ஒரு கேள்வியைப் புதன்கிழமை எடுத்துவிட்டால் பச்சையும் சரி, சிவப்பும் சரி. யாரும் தப்பு செய்யவில்லை என்று ஆகிவிடும். நான் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பொழுதோடு யூனிட்டுக்குப் போனேன். யாழினி தன் மேஜையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். நிலா டீ-சர்ட் ஒன்றும் செவ்வாய் டீ-சர்ட் ஒன்றும் திருப்பிப் போட்டு, முதுகில் இருக்கும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லை. ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறேன், எனக்கு எழுத்தென்றால் வெள்ளைக் கலர், அவ்வளவுதான்.

தமிழில் சொன்னாள். நிலா பிறந்தபோது மேலெல்லாம் குழம்புக் கடல். அதில் கனமான கல் அடியில் தங்க, லேசான வெள்ளைக்கல் மிதந்து மேலே வந்து ஓடாக இறுகியதாம். நாம் பார்க்கிற வெள்ளை அதுதான். கறுப்புக் கறுப்பாகத் தெரிவது, அப்புறம் உள்ளிருந்து கசிந்து பள்ளத்தில் தேங்கின குழம்பு. அந்த மாதிரி வெள்ளைக்கல் நம் நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, நிலா மண் மாதிரி செய்து பார்க்க, நிலாவுக்கு ராக்கெட் விடுகிறவர்கள் அங்கேயிருந்துதான் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அவளாகவே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொன்னாள். செவ்வாய்க்கு வந்தாள். பூமியில் ஓடு நகர்ந்துகொண்டே இருப்பதால் எரிமலை ஒரே இடத்தில் ரொம்பக் காலம் நிற்க முடியாது. செவ்வாயில் ஓடு நகரவில்லை. கீழே இருந்து வருவதெல்லாம் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்து, எவரெஸ்டைப் போல் இரண்டரை மடங்கு உயரத்துக்கு ஒரு மலை நிற்கிறதாம். சின்ன கிரகம் என்பதால் சீக்கிரம் ஆறிப்போனது, பூமி பெரிது என்பதால் இன்னும் சூடு விடவில்லை.

"எனக்கு இதெல்லாம் ரொம்பப் புடிச்சிருக்குங்க மாஸ்டர். நாளைக்கு நேரம் இருக்காது, அதான் போறதுக்கு முன்னால படிச்சுப்போட்டுப் போலாம்னு."

சட்டை இரண்டையும் கசங்காமல் மடித்து வைத்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள். கல்லையும் உலையையும் பற்றிச் சொன்னேன். ஒன்றுவிடாமல் கேட்டாள், துணுக்கு ஆறின பிறகு என்ன நிறம் என்றுகூடக் கேட்டாள். நாளைக்கு மியூசியத்துக்காரர்களிடம் அந்தக் கேள்வியை நீ இங்கிலீஷில் கேட்டுக் கொடுக்க வேண்டும் என்றேன். கேட்கிறேன் என்றாள். இன்னொன்றும் நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

புதன்கிழமை மூன்று மணி. முதலாளி அறையில் பெரிய டிவியில் பையர் ஆபீஸ்காரர் ஒருவரும், பக்கத்தில் நரைத்த தலையோடு ஓர் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா வாழ்நாள் முழுக்கக் கல்லையே படித்தவராம். படத்தைத் திருத்திப் பச்சை போட்டது அவர்தான். யாழினி நடுவில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதை அவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று என் கேள்வியைக் கேட்டேன்.

"அந்தப் பச்சைய அவுங்க எந்த வெளிச்சத்துல பாத்து முடிவு பண்ணுனாங்கன்னு கேளு கண்ணு."

உலையில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். யாழினி சொன்னாள். அந்த அம்மா முன்னால் குனிந்தார். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பாக வேகவேகமாகப் பேசினார். நாற்பது வருடத்தில் இதை யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லையாம். கவசத்துக்கு அதன் இடத்தில் அதன் சூடுதான் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் அது ஒளிர்கிற சிவப்புத்தான். மேலே கொண்டுவந்து நம் சூரியனில் காட்டினால்தான் பச்சை. இன்னும் ஆழத்தில் அந்தக் கல் வேறு கல்லாகவே இறுகிவிடுகிறது, அதையும் ஒரே பச்சையில் போட்டது தன் வசதிக்காகத்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார். முதலாளி முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது அந்த அம்மா இன்னொன்று கேட்டார். யாழினி அதை உடனே தமிழில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இது தெரிஞ்சுதான் மாத்துனீங்களான்னு கேக்கறாங்க மாஸ்டர்."

ஆமாம் என்றால் முடிந்தது. அந்த அம்மா நம்பிவிடுவார். முதலாளி நம்பிவிடுவார். யாழினி ஒருத்திக்குத்தான் பொய் என்று தெரியும், அவளும் அதையே இங்கிலீஷில் சொல்லிவிடுவாள், சனிக்கிழமை கையெழுத்துப் போட்ட மாதிரி. நேற்று அவள் அந்த டீ-சர்ட்டை மடித்து வைத்த விதம் என் கண்ணுக்குள் நின்றது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது.

"இல்லீங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாது. உள்ள நெருப்புன்னு நெனச்சு நாந்தான் மாத்துனேன். இந்தப் புள்ள கேட்டுப்போட்டு அடிக்கலாம்னு சொல்லுச்சு. நாலு பேர் முன்னால வைஞ்சு, நாந்தான் கையெழுத்து வாங்குனேன்" என்றேன்.

யாழினி டிவி பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னாள். சின்னதாகச் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் ஆயிரம் மெயிலில் பார்த்த நாலு வார்த்தை தெரியும். மாஸ்டர் என்றாள், மிஸ்டேக் என்றாள், சாரி என்றாள். அவள் பேர் அதில் வரவேயில்லை. தன்னைப் பற்றின பாதியை அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

நான் அவளைத் தாண்டிப் போய் டிவிக்கு முன்னால் நின்றேன்.

"மேடம். யாழினி சே, ஆஸ்க். ஐ சே, நோ ஆஸ்க். ஐ ஷவுட். யாழினி நோ மிஸ்டேக்" என்றேன்.

அந்த அம்மா என்னையும் பார்த்தார், யாழினியையும் பார்த்தார், மெதுவாகத் தலையை ஆட்டினார். சிவப்பை எடுத்துக்கொள்ள முடியாது என்று சொன்னார். சிவப்பைப் பார்த்தால் பிள்ளைகள் குழம்பு என்றுதான் நினைப்பார்கள், கல் என்று நினைக்க மாட்டார்கள். பச்சையிலேயே மறுபடி வேண்டும், கண்காட்சி திறப்பதற்குள் வேண்டும். சிவப்பில் ஒன்றே ஒன்று தனக்கு என்று கேட்டார். டிவி அணைந்தது.

முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. உங்கிட்ட அப்புறம் பேசிக்கறேன் கன்னையா என்று மட்டும், குரலை உயர்த்தாமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு யாழினி பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"பச்சை என்னைக்குக் கண்ணு கப்பல் ஏறும்?"

அவள் நோட்டை எடுத்தாள்.